மருத்துவத்துக்குள் இயற்பியல்: ஜெர்மனியின் வழி

ஜெர்மனியில் மருத்துவம் படிக்க இளநிலைப் பட்டம் தேவையில்லை. பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூரை முடித்தவர் நேராக மருத்துவப் புலத்தில் சேர்கிறார். ஆறு ஆண்டும் மூன்று மாதமும் படித்து, அரசுத் தேர்வுகளை எழுதி மருத்துவராகிறார். அமெரிக்காவில் உள்ளதுபோல் நான்கு ஆண்டுகள் இயற்பியலோ உயிரியலோ படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, அதன் பிறகே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வழக்கம் அங்கே இல்லை. இந்தியாவிலும் இல்லை. ஆனால் ஜெர்மனிக்கும் இந்தியாவுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இந்தியாவில் மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வின் 180 வினாக்களில் 45 இயற்பியலைச் சேர்ந்தவை; அதைத் தாண்டி எம்.பி.பி.எஸ். வகுப்பில் உட்கார்ந்த பிறகு இயற்பியல் என்று தனியாக ஒரு பாடம் மாணவரின் கண்ணில் படுவதில்லை. ஜெர்மனியில் மருத்துவ மாணவர் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இயற்பியல் விரிவுரை கேட்கிறார், ஆய்வகத்தில் அளவீடு செய்கிறார், அரசுத் தேர்வில் அதற்கு விடையளிக்கிறார். இந்த ஏற்பாட்டின் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. இயற்பியலுக்கும் மருத்துவத்துக்கும் இடையே இரு திசையிலும் கடந்து போன ஒரு தலைமுறை அப்போது அங்கே வேலை செய்தது.

அந்தத் தலைமுறையில் இயற்பியலில் தொடங்கி மருத்துவத்துக்கு வந்தவர் அடால்ஃப் ஃபிக். 1829இல் காசெல் நகரில் பிறந்த அவர், 1847இல் மார்புர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது கணிதமும் இயற்பியலும் படிக்கத்தான். பிறகு மருத்துவத்துக்கு மாறி 1851இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வேடுகூடக் கண்ணின் ஒளியியல் பிழை ஒன்றைப் பற்றியதே. அடுத்த ஆண்டு உடலியங்கியல் அறிஞர் கார்ல் லுட்விக்கிடம் பணியாற்ற சூரிச் சென்றார். உப்பு நீரும் நன்னீரும் ஒரு சவ்வின் இரு புறமும் இருக்கும்போது எது, எவ்வளவு வேகத்தில் கடக்கிறது என்பது அன்று உடலியங்கியலாளர்களைக் குடைந்த கேள்வி. சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது, குடல் எப்படி உறிஞ்சுகிறது என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. மற்றவர்கள் அளவுகளைப் பட்டியலாகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, ஃபிக் அதில் வேறொன்றைப் பார்த்தார். வெப்பம் சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்குப் பாய்வதற்கு ஃபூரியே எழுதிய சமன்பாடும், கம்பியில் மின்சாரம் ஓடுவதற்கு ஓம் எழுதிய விதியும் இதற்கும் பொருந்தவேண்டும் என்றார். செறிவு எவ்வளவு செங்குத்தாக மாறுகிறதோ அந்த விகிதத்தில் பொருள் பரவும். 1855இல் வெளிவந்த இந்த விதி இன்று உலோகவியல் முதல் குறைகடத்தித் தொழில்வரை எங்கும் பயன்படுகிறது. அதை எழுதியவருக்கு அப்போது வயது 25 அல்லது 26. வேலை உடற்கூறியல் துறையில்.

இந்த விதியிலிருந்து உடலைப் பற்றிக் கிடைக்கும் செய்தி வியப்பூட்டுவது. பரவலுக்கு ஆகும் நேரம் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. நீரில் கரைந்த ஆக்சிஜன் ஒரு மைக்ரோமீட்டர் தொலைவைக் கடக்க ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடியில் கால் பங்கு. அதே ஆக்சிஜன் ஒரு சென்டிமீட்டரைப் பரவலால் மட்டும் கடக்கவேண்டுமானால் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். நுரையீரலின் காற்றறைச் சுவர் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமனில் இருப்பதற்கும், உடலின் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்கும் அருகே ஒரு நுண்குழாய் ஓடுவதற்கும், இதயம் என்று ஓர் உறுப்பு தேவைப்படுவதற்கும் காரணம் இந்த ஒரே கணக்கில் இருக்கிறது. நிமோனியாவிலோ நுரையீரல் நீர்க்கோப்பிலோ அந்தச் சுவர் தடித்தால் நோயாளிக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விதியைப் புரிந்துகொண்டவருக்கு அது தானாகவே தெரியும். மருத்துவருக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை கிடைப்பது அரிது.

ஃபிக் 1856இல் ‘மருத்துவ இயற்பியல்’ என்ற பெயரிலேயே ஒரு பாடநூலை வெளியிட்டார். மருத்துவ மாணவருக்காக, உடலையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதப்பட்ட முன்னோடி நூல் அது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் தன் உடலையே அளவுகோலாக்கவும் தயங்கவில்லை. தசை இயங்குவதற்கான ஆற்றல் புரதத்தை எரிப்பதால் வருகிறது என்பது அன்றைய பெருவேதியியலாளர் லீபிக்கின் கொள்கை. 1865 ஆகஸ்டில் ஃபிக்கும் வேதியியலாளர் வீஸ்லிட்சேனுஸும் புரதமற்ற உணவைச் சாப்பிட்டுவிட்டு, சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலைமீது ஏறினார்கள். ஏறிய உயரம் 1,956 மீட்டர். ஃபிக்கின் எடை 66 கிலோ. பெருக்கினால், உடலை மேலே தூக்க மட்டுமே 1,29,096 கிலோகிராம் மீட்டர் வேலை செய்யப்பட்டிருக்கிறது. சிறுநீரில் வெளியேறிய நைட்ரஜனிலிருந்து எரிந்த புரதத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். அந்தப் புரதம் எவ்வளவு ஆற்றல் தரும் என்பதை ஃபிக்கின் மைத்துனரான ஆங்கில வேதியியலாளர் எட்வர்டு ஃபிராங்க்லண்ட் அளந்து சொன்னார்: ஏறத்தாழ 69,000 கிலோகிராம் மீட்டர். மலை ஏறத் தேவைப்பட்டதில் பாதியை மட்டும் சற்றே தாண்டிய அளவு. தசைக்கான எரிபொருள் வேறு இடத்திலிருந்து வந்திருக்கவேண்டும். லீபிக்கின் கொள்கை நிற்கவில்லை.

1868 முதல் ஃபிக் வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்தார். அந்நகரில் 1849 முதலே இயற்பியல்-மருத்துவச் சங்கம் என்று ஒன்று இயங்கிவந்தது. உடற்கூறியலாளர் கொல்லிக்கரும் நோயியல் அறிஞர் விர்ஹோவும் அதைத் தொடங்கியவர்களில் அடங்குவர். 1870இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிக் ஒரு சின்னக் குறிப்பை வாசித்தார். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை வெளித்தள்ளுகிறது என்பதை உடலைத் திறக்காமலே அறியலாம் என்பது அதன் சாரம். வழி இது: நுரையீரல் நிமிடத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் முழுவதும் இரத்தத்தில்தான் போய்ச் சேரவேண்டும், வேறு எங்கும் மறைய முடியாது. ஓய்வில் ஒருவர் நிமிடத்துக்கு 250 மில்லி லிட்டர் ஆக்சிஜன் எடுக்கிறார் என்போம். நுரையீரலுக்குள் வரும் இரத்தத்தில் லிட்டருக்கு 150 மில்லி லிட்டரும், வெளியேறும் இரத்தத்தில் 200 மில்லி லிட்டரும் ஆக்சிஜன் உள்ளது. லிட்டர் ஒன்றுக்கு 50 மில்லி லிட்டர் கூடியிருக்கிறது. ஆகவே நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தம் கடந்திருக்கவேண்டும். ஒரு கடைக்காரர் வரவையும் இருப்பையும் வைத்து விற்பனையைக் கண்டுபிடிப்பது போன்ற கணக்கு.

கணக்கு எளியது, மனிதரிடம் செய்து பார்ப்பதுதான் கடினம். நுரையீரலுக்குள் போகும் இரத்தத்தை எடுக்க இதயத்தின் வலப்புறத்துக்குள் நுழையவேண்டும். அதற்குத் தேவைப்பட்ட இன்னொரு பொருளும் அதே வூர்ட்ஸ்புர்க்கிலிருந்துதான் வந்தது. 1895 நவம்பர் 8 அன்று அப்பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அவருடைய முதல் அறிக்கை டிசம்பர் 28 அன்று அதே இயற்பியல்-மருத்துவச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1896 ஜனவரி 23 அன்று சங்கக் கூட்டத்தில் முதியவர் கொல்லிக்கரின் கையைப் படம் பிடித்துக் காட்டினார். 1929இல், பெர்லினுக்கு அருகிலுள்ள எபர்ஸ்வால்டே மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தன் இடக்கையின் சிரை வழியே 65 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கதீட்டரைச் செலுத்தி, எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து போய், குழாயின் நுனி தன் இதயத்தின் வலது மேலறையில் இருப்பதைப் படமாக்கினார். பிறகு நியூயார்க்கில் கூர்னானும் ரிச்சர்ட்சும் அந்த வழியைச் செம்மைப்படுத்தி, ஃபிக்கின் கணக்கை நோயாளிகளிடம் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஃபிக் 1901இலேயே இறந்துவிட்டார்.

எதிர்த் திசையில் போனவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1821இல் போட்ஸ்டாமில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்த அவருக்கு இயற்பியல்தான் ஆசை. வீட்டு வருமானம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பெர்லினில் இராணுவ மருத்துவர்களை உருவாக்கும் அரசு நிறுவனம் ஒன்று கட்டணமின்றி மருத்துவம் கற்பித்தது. படித்த பின் எட்டு ஆண்டுகள் படையில் பணிபுரியவேண்டும் என்பது நிபந்தனை. 1838இல் அங்கே சேர்ந்தார். மருத்துவராக இருந்துகொண்டே 1847இல் ஆற்றல் அழிவின்மை விதியைக் கணிதத்தோடு எழுதினார். கோனிக்ஸ்பெர்க்கில் பணியாற்றியபோது, 1850இல் தவளை நரம்பில் தூண்டல் விநாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது என்று அளந்தார். அதுவரை பலர் அதை அளக்கவே முடியாத வேகம் என்று நினைத்திருந்தனர். அதே காலத்தில் உயிருள்ள கண்ணின் விழித்திரையைப் பார்க்கும் ஆப்தல்மோஸ்கோப்பைச் செய்தார். 1871இல் பெர்லினில் இயற்பியல் பேராசிரியர் நாற்காலியே அவரைத் தேடி வந்தது.

இயற்பியல் பயிற்சி இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்திலிருந்து ஒரு சான்று உண்டு. ஹைல்புரோன் நகர மருத்துவர் ராபர்ட் மேயர், 1840இல் கப்பல் மருத்துவராக ஜாவா தீவுக்குப் போனார். அங்கே மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருந்தது. வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைக்கக் குறைந்த எரிப்பே போதும், அதனால் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று எண்ணிய மேயர், அதிலிருந்து வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று மாறத்தக்கவை என்ற பெரும் கருத்துக்கு வந்தார். ஆனால் 1841இல் அவர் அனுப்பிய முதல் கட்டுரையில் இயக்கவியலின் அடிப்படைகளிலேயே பிழைகள் இருந்தன. இயற்பியல் இதழ் அதை வெளியிடவில்லை. மேயர் கணிதமும் இயற்பியலும் கற்றுத் திருத்தி எழுதியது 1842இல் ஒரு வேதியியல் இதழில் வந்தது. ஹெல்ம்ஹோல்ட்சின் கட்டுரையையும் அதே இயற்பியல் இதழ் ஏற்கவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். அவரோ அதைத் தனி நூலாக வெளியிட்டார். கணிதம் உறுதியாக இருந்ததால் அது நின்றது. மேயரின் உள்ளுணர்வு யாருக்கும் குறைந்ததில்லை. அதைச் சொல்லும் மொழியைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

இத்தகைய ஆட்கள் செல்வாக்கோடு இருந்த நாளில்தான் பிரஷ்ய அரசு மருத்துவக் கல்வியின் அடித்தளத்தை மாற்றியது. அதுவரை மருத்துவ மாணவர்கள் இடையில் எழுதிவந்த தத்துவம் சார்ந்த தேர்வு 1861இல் நீக்கப்பட்டு, இயற்பியல், வேதியியல், உடற்கூறியல், உடலியங்கியல் கொண்ட இயற்கை அறிவியல் தேர்வு வந்தது. இன்றுவரை மாணவர்கள் அதை ஃபிசிக்கும் என்றே அழைக்கிறார்கள். சட்டப்படியான பெயர் மருத்துவத் தேர்வின் முதற்பகுதி. 2002இல் பிறப்பிக்கப்பட்ட மருத்துவர் உரிம ஒழுங்குமுறை இதை வரையறுக்கிறது: இரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பின் இரண்டு நாள் எழுத்துத் தேர்வு, நாளுக்கு நான்கு மணி நேரம், மொத்தம் 320 கொள்குறி வினாக்கள். அவற்றில் 80 வினாக்கள் இயற்பியலும் உடலியங்கியலும் சேர்ந்த தொகுதி. வினாக்களை மைன்ஸ் நகரிலுள்ள தேர்வு நிறுவனம் நாடு முழுமைக்கும் தயாரிக்கிறது. எழுத்துத் தேர்வோடு உடற்கூறியல், உயிர்வேதியியல், உடலியங்கியல் ஆகியவற்றில் வாய்மொழித் தேர்வும் உண்டு. பெர்லின் ஷரிட்டே போன்ற சில இடங்கள் மாதிரிப் பாடத்திட்டத்துக்கு மாறி, இந்த முதற்பகுதிக்குப் பதில் தங்கள் தேர்வுகளையே நடத்துகின்றன.

தேர்வுக்கு வரும் முன் மாணவர் ‘மருத்துவருக்கான இயற்பியல்’ செய்முறைப் பயிற்சியை முடித்துச் சான்று வாங்கவேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சோதனைகள் மாறும். ஆனால் திரவத்தின் பாகுநிலை, குழாயில் ஓட்டம், வில்லையும் கண்ணும், மீயொலி, மின்சுற்று, கதிரியக்கம் ஆகியவை பெரும்பாலும் எங்கும் இருக்கும். இவற்றில் குழாய் ஓட்டம் தனியே கவனிக்கத்தக்கது. 1839இல் பிரஷ்ய நீரியல் பொறியாளர் ஹாகனும், அதே காலத்தில் பாரிஸ் மருத்துவர் புவாசேயும் தனித்தனியே கண்ட விதி இது: ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிறது. ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் பாதிக்கும் கீழே, 41 விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறது. உடல், சிறு தமனிகளின் சுவரைச் சற்றே இறுக்கியும் தளர்த்தியும் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது இதனால்தான். விபத்தில் இரத்தம் இழந்தவருக்கு விரைவாகத் திரவம் ஏற்றவேண்டியிருக்கும்போது மருத்துவர் நீளமான மெல்லிய குழாயை விட்டுக் குட்டையான தடித்த ஊசிக்குழாயை எடுப்பதும் இதே காரணத்தால். நல்ல ஆசிரியர் இங்கே நிறுத்துவதில்லை. விதி எங்கே பொய்க்கிறது என்பதையும் காட்டுவார். இரத்தம் சீரான திரவமல்ல. மிக மெல்லிய குழாய்களில் சிவப்பணுக்கள் நடுவே திரண்டு ஓடுவதால் அதன் பாகுநிலை குறைந்ததுபோல் தெரிகிறது என்பதை 1931இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபாரேயஸும் லிண்ட்க்விஸ்டும் காட்டினர். விதியையும் அதன் எல்லையையும் சேர்த்துக் கற்பதுதான் இந்தப் பயிற்சியின் உண்மையான பயன். 80 கொள்குறி வினாக்களின் அவசரத்தில் அது சூத்திர மனப்பாடமாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. அப்படிச் சுருங்கினால் இழப்பு நோயாளிக்குத்தான்.

முதலில் இயற்பியல் பட்டம், பிறகு மருத்துவம் என்று ஜெர்மனியில் ஒருவர் இன்று திட்டமிட்டால் என்ன நேரும்? பட்டம் முடித்தவர் சட்டத்தின் பார்வையில் இரண்டாம் படிப்புக்கு விண்ணப்பிப்பவர். அத்தகையோருக்கான தனி ஒதுக்கீடு சுமார் 3 விழுக்காடு. முதல் பட்டத்தின் இறுதி மதிப்பெண்ணும், இரண்டாவது படிப்பு ஏன் தேவை என்று எழுதும் காரணமும் புள்ளிகளாக மாற்றப்பட்டு இடம் முடிவாகிறது. அறிவியல் ஆய்வுக்கோ தொழிலுக்கோ இரு பட்டமும் தேவை என்று நிறுவினால் புள்ளி கூடும். முகத்தாடை அறுவை மருத்துவர்கள் மருத்துவமும் பல் மருத்துவமும் இரண்டும் படிப்பதால் அவர்களின் காரணம் வலுவானது. இயற்பியலாளர் தம் ஆய்வுத் திட்டத்தைத் தெளிவாக வைத்தாகவேண்டும். ஃபிக் செய்ததுபோல் பட்டம் முடிக்காமல் நடுவிலேயே மாறுபவர் பொது வரிசையில்தான் நிற்பார். அந்த வரிசையில் இயற்பியல் வகுப்பில் வாங்கிய மதிப்பெண் செல்லாது. 2017 டிசம்பர் 19 அன்று கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் பழைய சேர்க்கை முறையின் சில பகுதிகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்த பின், 2020 கோடைப் பருவம் முதல் புதிய பங்கீடு வந்தது. சிறப்பு ஒதுக்கீடுகள் போக மீதி இடங்களில் 30 விழுக்காடு அபிட்டூர் மதிப்பெண்ணுக்கு, 10 விழுக்காடு அபிட்டூர் மதிப்பெண் சாராத தகுதிகளுக்கு, 60 விழுக்காடு பல்கலைக்கழகங்களின் சொந்தத் தேர்வுமுறைக்கு. பின்னிரண்டிலும் டி.எம்.எஸ். என்ற தகுதித் தேர்வுக்கு நல்ல எடை உண்டு. அளவுகளையும் விகிதங்களையும் கையாளும் வினாக்கள் அதில் ஒரு பகுதி. இயற்பியல் படித்த மனம் உதவுவது அங்கேதான். சேர்ந்த பிறகு, முன்பு செய்த இயற்பியல் ஆய்வகப் பயிற்சி ஈடானது என்று கருதப்பட்டால் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுகளைச் சேமிக்கும் அளவுக்கு அது வராது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகும் மாணவருக்கு இயற்பியல் இன்னொரு கதவிலும் எதிர்ப்படும். பள்ளிச் சான்றிதழ் அபிட்டூருக்கு நேரடி ஈடாக ஏற்கப்படாதவர்கள், ஸ்டூடியன்கொல்லெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்ந்து தேர்ச்சி பெறவேண்டும். மருத்துவம், மருந்தியல், உயிரியல் துறைகளுக்கான பிரிவு எம் பிரிவு. அதில் உயிரியல், வேதியியல், கணிதம், ஜெர்மன் மொழியோடு இயற்பியலும் பாடம். அங்கே எல்லாம் ஜெர்மன் மொழியிலேயே நடக்கும். விசையையும் உந்தத்தையும் தமிழிலோ ஆங்கிலத்திலோ நன்கு அறிந்தவரும் அவற்றைப் புது மொழியில் கற்றாகவேண்டும்.

மருத்துவராகாமலே மருத்துவத்துக்குள் வேலை செய்வது இயற்பியலாளருக்குத் திறந்திருக்கும் மற்றொரு வழி. ஆய்வில் இதன் சிறந்த எடுத்துக்காட்டு கோட்டிங்கன் நகரம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த எர்வின் நேயரும், மருத்துவம் படித்த பெர்ட் சக்மனும் அங்கே மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஒன்றாக உழைத்தனர். கண்ணாடி நுண்குழாயின் நுனியைச் செல் சவ்வில் பொருத்தி, ஒரே ஒரு அயனி வாயில் திறந்து மூடும்போது ஓடும் மின்னோட்டத்தை 1976இல் பதிவு செய்தார்கள். ஓர் ஆம்பியரின் இலட்சம் கோடியில் சில பங்கு அது. அவ்வளவு சின்ன மின்னோட்டத்தை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது இயற்பியல் வேலை. எந்தச் செல்லில், எந்த வாயிலைத் தேடவேண்டும் என்பது உடலியங்கியல் வேலை. 1991இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. இதயத் துடிப்புக் கோளாறுகள், வலிப்பு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஆகியவற்றில் அயனி வாயில்களின் பங்கை அறிய அந்த முறை இன்றும் கைகொடுக்கிறது.

மருத்துவமனையில் இந்த இணைப்பு மருத்துவ இயற்பியலாளர் என்ற தொழிலாக இருக்கிறது. ஜெர்மன் மருத்துவ இயற்பியல் சங்கம் 1969இல் தோன்றியது. டோர்ட்முண்ட், டியூசல்டார்ஃப் பல்கலைக்கழகங்களில் இளநிலையிலேயே மருத்துவ இயற்பியல் படிக்கலாம். பொது இயற்பியல் முடித்துவிட்டுப் பின்னர் இத்துறைக்கு வருபவர்களும் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் இடத்தில் தகுதி பெற்ற மருத்துவ இயற்பியல் வல்லுநர் இருந்தே ஆகவேண்டும் என்கிறது கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டம்.

அவர்கள் செய்வதை ஹைடல்பெர்க்கின் அயனிக்கற்றைச் சிகிச்சை மையத்தில் பெரிய அளவில் காணலாம். எக்ஸ் கதிர் உடலுக்குள் போகப் போக வலுவிழக்கிறது; கட்டியை அடையும் முன்பே வழியிலுள்ள நல்ல திசுவில் ஆற்றலைக் கொட்டிவிடுகிறது, கட்டியைத் தாண்டியும் போகிறது. கார்பன் அயனியோ தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பயணத்தின் கடைசி மில்லிமீட்டர்களில் விடுகிறது. வேகத்தை மாற்றினால் நிற்கும் ஆழமும் மாறும். 30 சென்டிமீட்டர் ஆழம்வரை போகலாம். டார்ம்ஸ்டாட்டின் கன அயனி ஆய்வு நிறுவனத்தில் 1997 முதல் 2008 வரை ஏறத்தாழ 440 நோயாளிகளிடம் இந்த முறையைக் கையாண்டு தேர்ந்த பிறகே, 2009இல் ஹைடல்பெர்க் மையம் திறக்கப்பட்டது. அங்கே கற்றையை நோயாளியைச் சுற்றி எத்திசையிலிருந்தும் செலுத்தும் சுழல் அமைப்பின் எடை மட்டும் 670 டன். சி.டி. படத்தில் கட்டியின் எல்லையை வரைந்து, எவ்வளவு கதிர்வீச்சு என்று குறிப்பது மருத்துவர். எந்தத் திசையில், எந்த ஆற்றலில், எத்தனை அயனிகள் என்று கணக்கிட்டு, நோயாளி படுப்பதற்கு முன்பே நீர்த்தொட்டியில் கற்றையை அளந்து சரிபார்ப்பது இயற்பியலாளர்.